நாட்டுப்புற வெளிகளில் இரைகொல்லிப் பறவைகள்: இனங்காணவும் அருகிருந்து பார்க்கவும் முழுமையான வழிகாட்டி

வெட்டவெளியில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு இரைகொல்லிப் பறவை பெரும்பாலும் ஒரு கரிய நிழலுருவாகவே தெரிகிறது. கையேட்டில் வரையப்பட்டிருக்கும் செம்பழுப்பு மார்பும், மஞ்சள் கால்களும், வாலின் பட்டைகளும் வெயிலுக்கு எதிரே பறக்கும் பறவையில் தென்படுவதில்லை. புதிதாகப் பறவை நோக்கத் தொடங்குவோர் இந்தக் குழுவை விட்டு விரைவில் விலகிவிடுவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அவர்கள் நிறத்திலிருந்து தொடங்குகிறார்கள். உருவம், பறக்கும் விதம், இருக்கும் இடம் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு, நிறத்தைக் கடைசியில் உறுதிசெய்யும் சான்றாக மட்டும் வைத்துக்கொண்டால், இதே பறவைகள் எளிதில் பிடிபடுகின்றன. கீழுள்ள படிகள் அந்த வரிசையில் அமைந்தவை.

பெயர்களைப் பற்றி முதலில் ஒரு சொல்

பேச்சு வழக்கில் பருந்து, கழுகு, வல்லூறு, வைரி, பைரி ஆகிய சொற்கள் ஒன்றன் இடத்தில் ஒன்றாகப் புழங்குகின்றன. உயிருள்ள இரையை வேட்டையாடும் பெரிய பறவையையும் இறந்த விலங்கை உண்ணும் பறவையையும் ‘கழுகு’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். இவ்வழிகாட்டியில் இறந்த உடல்களை உண்ணும் பறவைகளைப் பாறு என்றும், பெரிய வேட்டைப் பறவைகளைக் கழுகு என்றும், கூரிய நுனியுடைய இறக்கைகளோடு விரைந்து பறப்பவற்றை வல்லூறு என்றும், மரங்களுக்கிடையே பாய்ந்து சிறுபறவைகளைப் பிடிக்கும் குட்டை இறக்கைப் பறவைகளை வைரி என்றும் அழைக்கிறேன். வேறொரு நூலில் இப்பெயர்கள் இடம் மாறியிருக்கலாம் என்பதால், குறிப்பேட்டில் அறிவியல் பெயரையும் சேர்த்து எழுதிவைப்பது நல்லது. வல்லூறுகளைப் பருந்துகளின் நெருங்கிய உறவினர் என்றே நெடுங்காலம் கருதி வந்தனர். அவை கிளிகளுக்கும் பாடும் பறவைகளுக்குமே அதிக நெருக்கமானவை என்பதை மரபணு ஆய்வுகள் பின்னர் காட்டின. வளைந்த அலகும் கொடுக்கு போன்ற நகமும் இருவேறு கிளைகளில் தனித்தனியே தோன்றியுள்ளன.

முதல் படி: ஒரு பறவையைக் கசடறக் கற்றல்

உங்கள் பகுதியில் நாள்தோறும் கண்ணில் படும் ஓர் இரைகொல்லிப் பறவையைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆசியா, ஆஸ்திரேலியா ஆகிய கண்டங்களின் பெரும்பகுதியில் அது கரும்பருந்தாக இருக்கக்கூடும். அமெரிக்கக் கண்டங்களில் கரும்பருந்து இல்லை. அங்கு வான்கோழிப் பாறோ, பஸர்டு எனப்படும் தடித்த உடல்கொண்ட நடுத்தர இரைகொல்லிகளில் ஒன்றான செவ்வால் பஸர்டோ அந்த இடத்தில் இருக்கும். அரிய பறவையைத் தேடிப் போவதற்கு முன், இந்தச் சாதாரணப் பறவையை இரண்டு மூன்று வாரங்கள் எல்லாக் கோணங்களிலும் பார்த்துப் பழக வேண்டும். நேர் கீழிருந்து, பக்கவாட்டில், நம்மை நோக்கி வரும்போது, விலகிச் செல்லும்போது, மழையில் நனைந்து கம்பத்தில் அமர்ந்திருக்கும்போது என ஒவ்வொரு நிலையிலும் அதன் தோற்றம் மாறுவதைக் காண்பீர்கள்.

கரும்பருந்தை எடுத்துக்கொண்டால், முதலில் வாலைப் பாருங்கள். மடக்கியிருக்கும்போது வாலின் நடுவில் ஆழமற்ற ஒரு பிளவு தெரியும். அதே வாலை முழுவதும் விரித்தால் பிளவு மறைந்து விளிம்பு நேராகிவிடும். காற்றில் மிதக்கும்போது உடல் அசையாமல் இருக்க, வால் மட்டும் படகின் சுக்கான்போல் இடமும் வலமும் திரும்பிக்கொண்டே இருக்கும். இறக்கையின் மணிக்கட்டுப் பகுதி, அதாவது இறக்கை நடுவே வளையும் மூட்டு, சற்று மடங்கியிருக்கும். கவ்விய சிறு இரையைக் காலிலிருந்து அலகுக்குக் கொண்டுவந்து பறந்தபடியே உண்ணும். இத்தனையும் மனத்தில் பதிந்துவிட்டால், வானில் புதிதாக ஒன்று தோன்றும்போது ‘இது என்ன?’ என்று தடுமாற வேண்டியதில்லை. ‘இது கரும்பருந்திலிருந்து எதில் வேறுபடுகிறது?’ என்று கேட்கலாம். இந்த இரண்டாம் கேள்விக்கு விடை காண்பது மிக எளிது.

இரண்டாம் படி: நிழலுருவைக் கொண்டு குழு பிரித்தல்

இனத்தின் பெயரைத் தேடுவதற்கு முன் குழுவைத் தீர்மானியுங்கள். இறக்கையின் நீள அகலமும், நுனியின் வடிவமும், வாலின் நீளமும், தலை எவ்வளவு முன்னே நீண்டிருக்கிறது என்பதுமே இதற்குப் போதும்.

கழுகுகளின் இறக்கை நீண்டு அகன்றிருக்கும். நுனியில் இறகுகள் விரிந்த விரல்களைப்போல் பிரிந்து நிற்கும். தலையும் அலகும் முன்னே நன்கு நீண்டிருப்பதால் பறவைக்கு முன்பாரம் இருப்பதுபோல் தோன்றும். பாறுகளுக்கும் இறக்கை அப்படியே அகன்றிருந்தாலும், தலை சிறுத்தும் வால் குறுகியும் இருப்பதால், ஒரு பலகை பறந்து செல்வதைப்போன்ற தோற்றம் கிடைக்கும். மஞ்சள்முகப் பாறு இதற்கு விலக்கு. அதன் வால் ஆப்பு வடிவில் கூம்பியிருக்கும். வளர்ந்த பறவையின் வெள்ளை உடலும் கருமையான இறக்கை விளிம்பும் வெகு தொலைவிலேயே காட்டிக்கொடுத்துவிடும். பஸர்டுகள் நடுத்தர அளவும் தடித்த உடலும் கொண்டவை. வட்டமிடும்போது வாலை விசிறியாக விரித்துக்கொள்ளும்.

வல்லூறுகளின் இறக்கை அரிவாள்போல் வளைந்து கூர்நுனியில் முடியும். வைரிகளின் இறக்கை குட்டையாகவும் வட்டமாகவும், வால் நீண்டும் இருக்கும். நெருக்கமான மரங்களுக்கிடையே சட்டெனத் திரும்புவதற்கு அந்த அமைப்பு உதவுகிறது. பூனைப்பருந்துகளுக்கு இறக்கை, வால், கால் மூன்றுமே நீளமானவை, உடல் மெலிந்தது. நீர்நிலைகளுக்கு மேலே காணப்படும் விராலடிப்பானின் நீண்ட குறுகிய இறக்கைகள் மணிக்கட்டில் நன்கு மடங்கியிருப்பதால், தொலைவில் அதைக் கடற்காகம் என்று எண்ணிவிடுவது எளிது. கால்களை முன்னே நீட்டி நீரில் பாய்ந்து மீனைப் பிடித்தபின், மீனின் தலை முன்பக்கமாக இருக்கும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு அது பறப்பதைக் காண நேர்ந்தால் ஐயம் ஏதும் எஞ்சாது.

அளவை மட்டும் நம்பிவிடாதீர்கள். வெறும் வானில் ஒப்பிட வேறொன்றும் இல்லாதபோது, நூறு மீட்டர் உயரத்தில் பறக்கும் சிறிய பறவையும் முந்நூறு மீட்டர் உயரத்தில் பறக்கும் பெரிய பறவையும் ஒன்றாகவே தோன்றும். துரத்தும் காகம் ஒன்று அருகில் இருந்தால் அதுவே சிறந்த அளவுகோல். இல்லையேல் இறக்கையடிப்பின் வேகத்தைக் கவனியுங்கள். பெரிய பறவை மெதுவாகவும் ஆழமாகவும் அடிக்கும், சிறியது படபடக்கும். இரைகொல்லிகளில் பெரும்பாலும் பெண்ணே பெரியது என்பதும் அளவை வைத்துத் தீர்ப்புச் சொல்பவரை ஏமாற்றும். யூரேசியச் சிட்டுவைரியில் ஒரு பெரிய பெண் ஆணைப்போல் ஏறத்தாழ இருமடங்கு எடை கொண்டிருக்கும்.

மூன்றாம் படி: பறக்கும் விதத்தைப் படித்தல்

பறவை நேரே நம்மை நோக்கி வரும்போது இறக்கைகளை எப்படிப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். தட்டையாகப் பிடித்திருந்தால் பெரும்பாலான கழுகுகள் அந்த வகை. பூனைப்பருந்துகளும் வான்கோழிப் பாறும் இறக்கைகளை மேல்நோக்கி ஏந்திப் பிடிக்கும். வான்கோழிப் பாறு அப்படி ஏந்தியபடி பக்கத்துக்குப் பக்கம் தள்ளாடுவதும் ஓர் அடையாளம். விராலடிப்பான் மிதக்கும்போது இறக்கை நுனிகள் கீழ்நோக்கி வளைந்திருக்கும். இந்த ஒரு குறிப்பே பாதி ஐயத்தைத் தீர்த்துவிடும்.

அடுத்து வேட்டை முறை. புல்வெளிக்கு மேல் இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் வரிசை வரிசையாகத் துழாவிச் செல்வது பூனைப்பருந்து. அதன் முகத்தில் ஆந்தையின் முகத்தட்டைப்போன்ற அமைப்பு உண்டு; புல்லுக்கடியில் ஓடும் எலியின் ஒலியை அது செவியாலும் தேடுகிறது. நான்கைந்து விரைந்த அடிப்பு, ஒரு சறுக்கல், மீண்டும் அடிப்பு என்று மர விளிம்பை ஒட்டித் தாழப் பறப்பது வைரி. உயரத்திலிருந்து இறக்கையைச் சுருக்கிக்கொண்டு விழுவது பொரி வல்லூறு. அப்பாய்ச்சலில் அது மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தை எட்டுகிறது. வேறெந்த விலங்கும் அவ்வளவு விரைவதில்லை.

சிவப்பு வல்லூறு காற்றில் நின்றபடி வேட்டையாடுவதை ஒருமுறையேனும் பைனாகுலரில் பொறுமையாகப் பாருங்கள். ஒரு மேட்டின் சரிவில், என் கண்மட்டத்துக்குச் சற்றே மேலே, இருபது அடி தொலைவில் அப்படி ஒன்று நின்றதைப் பார்த்திருக்கிறேன். இறக்கைகள் நடுங்கின, விரித்த வால் காற்றுக்கேற்ப அசைந்துகொண்டே இருந்தது, உடல் மேலும் கீழும் ஆடியது. தலை மட்டும் ஆணியடித்து நிறுத்தியதுபோல் துளியும் நகரவில்லை. ஓர் அடி சறுக்கி இறங்கியது, மீண்டும் நின்றது, பின்பு கல்லாக விழுந்தது. தலை அசையாமல் நிற்பதால்தான் புல்லுக்குள் நிகழும் சிறு அசைவு அதன் கண்ணுக்குத் தப்புவதில்லை.

கருந்தோள் பருந்தும் இப்படி நின்று பறக்கும். ஆனால் அது வெளிர்சாம்பல் நிறமும் கருந்தோளும் செங்கண்ணும் உடையது. கம்பியில் அமர்ந்தவுடன் வாலை மேலும் கீழும் ஆட்டும் பழக்கம் அதைத் தனித்துக் காட்டும்.

நான்காம் படி: நேரமும் இடமும் அறிந்து காத்திருத்தல்

பெரிய பறவைகள் விடியற்காலையில் பறப்பதில்லை. வெயிலில் நிலம் சூடேறி, வெதும்பிய காற்று தூண்போல் மேலெழும்பிய பிறகே அவை அதில் ஏறி இறக்கையடிக்காமல் உயரம் தொடுகின்றன. ஆகவே கழுகுகளையும் பாறுகளையும் காண விரும்புவோர், சூரியன் உதித்து இரண்டு மூன்று மணி நேரம் கழிந்தபின் வானத்தைத் துழாவலாம். அதற்கு முன் அவை மரவுச்சியிலோ பாறை விளிம்பிலோ அமர்ந்திருக்கும். அசையாமல் அமர்ந்திருக்கும் பறவையை நிதானமாகப் பார்க்க அதைவிட நல்ல நேரம் இல்லை. பூனைப்பருந்து, சிவப்பு வல்லூறு, கருந்தோள் பருந்து ஆகியவற்றுக்குக் காலையின் முற்பகுதியும் மாலையும் ஏற்றவை. மழை ஓய்ந்த உடனே வெளியே சென்றால், நனைந்த இறக்கைகளை விரித்து உலர்த்தும் பறவைகளைத் திறந்த கிளைகளில் காணலாம்.

நடந்துகொண்டே இருப்பதைவிட ஓரிடத்தில் அமர்வது அதிகப் பலன் தருகிறது. வயலும் புதரும் சந்திக்கும் விளிம்பு, நீர்நிலைக்கு மேலுள்ள மேடு, தனித்து நிற்கும் பட்ட மரம் தெரியும் இடம் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்து, முதுகுக்குப் பின்னால் சூரியன் இருக்குமாறு அமர்ந்து, ஒரு மணி நேரமாவது அசையாமலிருங்கள். முதல் இருபது நிமிடம் எதுவும் நடக்காததுபோல் தோன்றும். நீங்கள் வந்ததால் ஒதுங்கியவை திரும்பிவர அந்த நேரம் தேவைப்படுகிறது.

வலசைக் காலத்தில் நிலவமைப்பு பெரிதும் உதவும். கடலுக்கு மேலே வெப்பக் காற்று வலுவாக எழுவதில்லை என்பதால், மிதந்து பறக்கும் பறவைகள் நீர்ப்பரப்பைத் தவிர்த்துக் குறுகிய நிலப்பகுதிகளில் திரள்கின்றன. ஜிப்ரால்டர் நீரிணை, பாஸ்பரஸ், ஜார்ஜியாவின் பட்டுமி, மெக்சிகோவின் வெராகுரூஸ் ஆகியவை இதனால் புகழ்பெற்றன. வெராகுரூஸில் ஓர் இலையுதிர்காலத்தில் பல இலட்சம் பறவைகள் கடந்து செல்கின்றன. இதற்கு மாறாக, இருநூறு கிராமுக்கும் குறைந்த எடையுள்ள அமூர் வல்லூறு, வடகிழக்கு ஆசியாவிலிருந்து வடகிழக்கு இந்தியா வழியாகத் தென் ஆப்பிரிக்கப் பகுதிவரை செல்லும் பயணத்தில் அரபிக்கடலை இறக்கையடித்தே கடக்கிறது. உங்கள் ஊர் இத்தகைய பெருவழியில் இல்லாவிட்டாலும், நீண்ட மலைத்தொடரோ கடற்கரையோ இருக்குமானால் அங்கும் இதே விதி சிறிய அளவில் செயல்படும்.

ஐந்தாம் படி: மற்றப் பறவைகளின் குரலைக் கேட்டல்

இரைகொல்லியை முதலில் காண்பது நாம் அல்ல, சிறுபறவைகளே. பேசிக்கொண்டிருந்த தவிட்டுக்குருவிக் கூட்டம் திடீரென அடங்கிவிட்டாலும், மெல்லிய கூர்மையான ஒற்றை ஒலி ஒன்று திரும்பத் திரும்ப எழுந்தாலும், மேய்ந்துகொண்டிருந்த புறாக்கள் ஒரே நேரத்தில் எழும்பினாலும் உடனே வானத்தையும் மர விளிம்பையும் பாருங்கள். காகங்களும் கரிச்சான்களும் தகைவிலான்களும் ஒன்றைச் சூழ்ந்து துரத்தினால், நடுவிலிருப்பது பெரும்பாலும் இரைகொல்லியாகவே இருக்கும். பகலில் ஒரு மரத்தின் நிழற்பகுதியை நோக்கிப் பல வகைச் சிறுபறவைகள் கூடிக் கத்தினால், அங்கே ஆந்தை ஒன்று அமர்ந்திருக்க நல்ல வாய்ப்புண்டு. நான் கண்ட ஆந்தைகளில் பாதியையேனும் சிறுபறவைகள்தாம் காட்டிக்கொடுத்தன.

ஆறாம் படி: நிறத்தையும் வயதையும் எச்சரிக்கையோடு கையாளுதல்

இப்போது நிறத்துக்கு வரலாம். இளம் இரைகொல்லிகளின் மார்பில் நெடுங்கோடுகளும், வளர்ந்தவற்றில் குறுக்குப் பட்டைகளோ தெளிவான ஒரே நிறமோ இருப்பது பல இனங்களில் காணப்படும் போக்கு. கண்ணின் நிறமும் வயதோடு மாறும். சின்ன வைரியின் குஞ்சுக்கு மஞ்சளாக இருக்கும் கண் வளர்ந்த ஆணில் செம்மையாகும். இதன்றி, குள்ளக் கழுகைப்போன்ற சில இனங்களில் வெளிர்நிற வகையும் கருநிற வகையும் இயல்பாகவே உண்டு. அதன் இறக்கை கழுத்தோடு சேரும் இடத்தில், முன்பக்கமிருந்து பார்த்தால் விளக்குப்போல் தெரியும் இரு வெண்புள்ளிகள் இரண்டு வகைக்கும் பொதுவானவை. இத்தகைய மாறாத அடையாளங்களையே தேடிப் பிடிக்க வேண்டும்.

இறகுதிர்ப்பும் ஒளியும் பெரிய ஏமாற்றுக்காரர்கள். ஒரு பிற்பகலில், வால் நேராகவும் அடிப்பகுதி வெளிறியும் தெரிந்த ஒரு பறவையை அரிய கழுகு என்று முடிவுகட்டி, குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு எழுதினேன். அன்றிரவு ஒளிப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, வாலின் வெளியிறகுகள் உதிர்ந்து புதியவை பாதி வளர்ந்த நிலையில் இருந்தன. காய்ந்த மணற்பரப்பிலிருந்து மேலே எதிரொளித்த வெயில் அடிப்பகுதியை வெளிறச் செய்திருந்தது. அது வெறும் கரும்பருந்து. வால் சுக்கான்போல் திரும்பிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தும் பொருட்படுத்தவில்லை. நடத்தை ஒன்றைச் சொல்லி நிறம் வேறொன்றைச் சொன்னால், நடத்தையின் பக்கமே நில்லுங்கள்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக: 8x42 அளவுள்ள (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முகப்பு வில்லை கொண்ட) பைனாகுலர் போதுமானது. பத்து மடங்கு பெரிதாக்குவது கைநடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். பார்வைப் பரப்பும் குறையும்.

ஏழாம் படி: எழுதிவைத்தல்

பறவையைப் பார்த்த உடனே, கையேட்டைத் திறப்பதற்கு முன்பே, கண்டதை எழுதுங்கள் அல்லது கோட்டோவியமாக வரையுங்கள். கையேட்டைப் பார்த்துவிட்டால், இல்லாத பட்டையும் கண்டதாக நினைவு சொல்லத் தொடங்கிவிடும். நாள், நேரம், காற்று, இடம், எண்ணிக்கை, நடத்தை ஆகியவற்றோடு, தெரியாததைத் ‘தெரியாத வல்லூறு’ என்றே பதிவுசெய்யத் தயங்காதீர்கள். சாதாரணப் பறவையின் எண்ணிக்கையையும் விடாமல் குறியுங்கள். பிரிட்டனில் 1960களின் தொடக்கத்தில், பொரி வல்லூறுகள் மிகுந்துவிட்டன என்று பந்தயப்புறா வளர்ப்போர் முறையிட்டதையொட்டி ஒரு கணக்கெடுப்பு நடந்தது. அவை பெருகவில்லை, வேகமாக அழிந்துகொண்டிருந்தன என்பதே அதில் வெளிப்பட்டது. அதை நடத்திய டெரிக் ராட்கிளிஃப், பழைய முட்டைச் சேகரிப்புகளோடு ஒப்பிட்டு, முட்டைகளின் ஓடு மெலிந்துவிட்டதை 1967இல் காட்டினார். டிடிடி போன்ற பூச்சிக்கொல்லிகளே அதற்குக் காரணம் என்பது உறுதியானது. தெற்காசியாவில் 1990களில் பாறுகள் குறைவதைக் கவனித்ததும் ஒரே இடத்தை ஆண்டாண்டாக எண்ணி வந்தவர்கள்தாம். கால்நடைகளுக்குத் தந்த டைக்ளோஃபெனாக் மருந்தே அப்பாறுகளின் சிறுநீரகத்தை அழித்தது என்பது 2004இல் தெளிந்து, 2006இல் இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் ஆகிய நாடுகள் அதன் கால்நடைப் பயன்பாட்டைத் தடைசெய்தன.

பறவை இல்லாதபோது: தடயங்களும் ஆந்தைகளும்

பாறையிலோ அடிமரத்திலோ வெள்ளைச் சுண்ணாம்பு வழிந்ததுபோன்ற எச்சக்கறை, நாள்தோறும் பயன்படும் அமர்விடத்தைக் காட்டும். ஓரிடத்தில் சிறுபறவையின் இறகுகள் வட்டமாகச் சிதறிக் கிடந்தால், தண்டின் அடியைப் பாருங்கள். முழுமையாகப் பிடுங்கப்பட்டிருந்தால் இரைகொல்லியின் வேலை, கடித்து முறிக்கப்பட்டிருந்தால் பாலூட்டியின் வேலை.

கூகை தங்கும் பாழடைந்த கட்டடத்தின் தரையில், விரல் அளவுள்ள கருஞ்சாம்பல் உருண்டைகள் கிடக்கும். செரிக்காத மயிரையும் எலும்பையும் ஆந்தை இப்படிக் கக்குகிறது. கையுறை அணிந்து ஒன்றை எடுத்து, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, ஊசியால் மெல்லப் பிரியுங்கள். மயிர்ப்பந்து நெகிழ்ந்ததும் முதலில் வெளிப்படுவது பெரும்பாலும் ஒரு தாடை. அதில் மஞ்சளேறிய இரு வெட்டுப்பற்கள் வளைந்து நிற்கும். பிறகு மண்டையோடு, விலா, குன்றிமணியைவிடச் சிறிய முதுகெலும்புகள். ஓர் உருண்டைக்குள் மூன்று நான்கு எலிகளின் எலும்புகள் இருப்பதும் உண்டு. பகலில் வேட்டையாடும் பருந்துகளின் வயிற்று அமிலம் எலும்பைப் பெருமளவு கரைத்துவிடுவதால், அவற்றின் உருண்டைகளில் இவ்வளவு கிடைப்பதில்லை.

நெருங்கும் எல்லை

அமர்ந்திருக்கும் பறவை உடலை ஒடுக்கிக் கழுத்தை நீட்டினாலும், எச்சமிட்டாலும், உங்களையே உற்றுப் பார்த்தாலும் அது பறக்கப்போகிறது என்று பொருள்; அங்கேயே நின்று, சற்றுப் பின்வாங்குங்கள். இரையின் மேல் இறக்கைகளைக் கூடாரமாகக் கவிழ்த்திருக்கும் பறவையை ஒருபோதும் கலைக்காதீர்கள். அது பல தோல்விகளுக்குப் பின் கிடைத்த உணவாக இருக்கும். கூடு கட்டும் காலத்தில் ஓர் இரைகொல்லி உங்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டு வட்டமிட்டால், நீங்கள் ஏற்கெனவே மிக நெருங்கிவிட்டீர்கள். வந்த வழியே திரும்புங்கள். தாய் விலகும் அரை மணி நேர வெயில் குஞ்சைக் கொல்லப் போதும். கூட்டின் இடத்தைப் பொதுவெளியில் பகிராதீர்கள். பதிவுசெய்த குரலை ஒலித்து ஆந்தையை வரவழைக்கவும் வேண்டாம்.

காயமுற்ற பறவையைக் கண்டால்

அஞ்ச வேண்டியது அலகுக்கு அல்ல, கால்களுக்கு. தடித்த துண்டு ஒன்றைப் பறவையின் தலையும் முழு உடலும் மூடும்படி போர்த்துங்கள். இருட்டானதும் அது அடங்கும். இறக்கைகளை உடலோடு சேர்த்துப் பிடித்து, கால்களைத் துணிக்கு மேலாகப் பற்றி, காற்றுத்துளைகள் இட்ட அட்டைப்பெட்டிக்குள் வையுங்கள். கம்பிக்கூண்டு இறகுகளை ஒடித்துவிடும். உணவும் நீரும் தராதீர்கள். அதிர்ச்சியில் இருக்கும் பறவைக்கு அவை தீங்காகும். பெட்டியை அமைதியான இருட்டிடத்தில் வைத்துவிட்டு, வனத்துறைக்கோ வனவிலங்கு மீட்பு மையத்துக்கோ தகவல் கொடுங்கள். பெரும்பாலான நாடுகளில் உரிமமின்றி இப்பறவைகளை வைத்திருப்பது குற்றமாகும்.

தரையில் அமர்ந்திருக்கும் பஞ்சுபோன்ற ஆந்தைக் குஞ்சைக் கண்டால் மட்டும் சற்று நிதானியுங்கள். பறக்கக் கற்குமுன் கூட்டை விட்டு வெளியேறிக் கிளைகளில் திரிவது பல ஆந்தை இனங்களின் இயல்பு. விழுந்த குஞ்சு நகத்தாலும் அலகாலும் பற்றி மரத்தில் தானே ஏறிவிடும். தாய் அருகிலேயே இருக்கும். நாயோ வண்டியோ வரும் இடமானால், அதை எடுத்து அதே மரத்தின் எட்டும் கிளையில் அமர்த்திவிட்டு, தாயின் கண்ணுக்குத் தடையாகாத தொலைவுக்கு விலகிச் செல்லுங்கள். இருட்டியபின் தாய் குஞ்சுக்கு இரை கொண்டுவரும்.